தாது வருஷப் பஞ்சத்துக்கு எல் நினோதான் காரணமா?

தலைப்பிலுள்ள இந்தக் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இயற்கையாக நடக்கும் காலநிலை ஏற்ற இறக்கங்கள் மனித வரலாற்றைத் திசைதிருப்பியதாகச் சொல்வதில் எவ்வளவு உண்மை. இரண்டு, 1876–78 பெரும் பஞ்சம், நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லப்படுவது, எல் நினோவால், அதாவது பசிபிக் கடல் சூடாகி உலக வானிலையைக் குலைக்கும் நிகழ்வால், வந்ததுதானா. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சரியாகப் பிரித்துப் பார்த்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நேரடியான பதில்: மழை பொய்த்ததற்கு இயற்கையே காரணம், அதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் தாது வருஷத்தில், அதாவது 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனிக்குள், சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தபோது அந்தப் பேர்பெற்ற எல் நினோ உருவாகியிருக்கவில்லை. அது வலுப்பெற்றது அடுத்த ஈஸ்வர வருஷத்தில், 1877இல். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்த எல் நினோ செய்தது இன்னும் விசித்திரம்: 1877 புரட்டாசி, ஐப்பசியில் பஞ்சத்தை முடித்துவைத்த மழையில் அதற்குப் பங்கு உண்டு. "எல் நினோ வந்தது, பஞ்சம் வந்தது" என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

எல் நினோ எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் இது புரியும். சாதாரணக் காலத்தில் பசிபிக் நிலநடுக்கோட்டுப் பகுதியில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெயிலில் சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் இந்தோனேசியாவை ஒட்டிய கடல்மட்டம் ஈக்வடார் கரையைவிடச் சுமார் அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். மேற்கில் வெந்நீர் நூறு, நூற்றைம்பது மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். கிழக்கில் ஐம்பது மீட்டருக்குக் கீழே போனாலே குளிர்நீர். மேற்கில் காற்று சூடாகி எழும்பி மழை கொட்டும், எழும்பிய காற்று கிழக்கே போய் இறங்கும். வியாபாரக் காற்று தளர்ந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் குலைகிறது. வெந்நீர் கிழக்கே திரும்பி வருகிறது, அதோடு காற்று எழும்பும் இடமும் பசிபிக்கின் நடுவுக்கு நகர்கிறது. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, இந்தியா மேலெல்லாம் காற்று இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் காற்றின் கீழே மேகம் வளராது. கிழக்கே சூடு கூடக் கூட காற்று மேலும் தளரும், தளரத் தளரச் சூடு மேலும் கூடும். கடலும் காற்றும் இப்படி ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதை 1969இல் வானிலை அறிஞர் யாகோப் பியெர்க்னெஸ் தெளிவாக விளக்கினார். இரண்டிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை இது நடக்கும், ஒழுங்கான முறை எதுவும் கிடையாது.

இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பலவீனமாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கூடுதலாகப் பெய்யும் வாய்ப்பும் அதிகம். பசிபிக்கின் அதே பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் லா நினாவில் இது பெரும்பாலும் தலைகீழ். 2015 எல் நினோ ஆண்டில் சென்னை மூழ்கியதும் 2016இல் தமிழ்நாடு காய்ந்ததும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. விதி என்று சொல்ல முடியாது, சாய்வு என்று சொல்லலாம். ஆகவே "எல் நினோவால் இந்தியாவில் வறட்சி" என்ற வாக்கியத்தை அப்படியே தஞ்சாவூருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பொருத்தக் கூடாது.

இப்போது 1876க்குப் போவோம். 1870 முதல் 1876 வரை பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி பெரும்பாலும் குளிர்ந்தே கிடந்தது. இவ்வளவு நீண்ட குளிர்க்காலத்தில் மேற்குப் பசிபிக்கின் ஆழத்தில் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். 1877இல் அந்தச் சேமிப்பு முழுவதும் கிழக்கே திரும்பியதால்தான் அந்த எல் நினோ 1997–98, 2015–16 அளவுக்குப் பெரிதானது. அந்த எல் நினோவுக்கு முந்தைய 1876இல் தக்காணத்திலும் மைசூரிலும் தென்மேற்குப் பருவமழை குறைந்தது, தொடர்ந்து சென்னை மாகாணத்தில் வடகிழக்கும் கைவிட்டது. கரையோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கும் என்பதால் அது போனால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் அந்தப் போகம் மட்டும் போகாது, கோடையில் கிணற்று ஊற்றும் போய்விடும். நாடளாவிய கணக்கைப் பார்த்தால் 1876 அவ்வளவு மோசமாகத் தெரியாது. பெரிய வறட்சி ஆண்டுகளின் பட்டியலில் 1877 இருக்கும், 1876 இருக்காது. சராசரிக்குள் ஒரு மாகாணத்தின் அழிவு காணாமல் போவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1877இல் காட்சி மாறுகிறது. இப்போது எல் நினோ முழு பலத்தில் இருக்கிறது. அந்த ஆண்டின் தென்மேற்குப் பருவமழை இந்தியா முழுவதற்கும் சேர்த்து சுமார் 604 மி.மீ. வழக்கமான அளவு ஏறக்குறைய 850. 1871இலிருந்து கணக்கிட்டு வரும் தொடரில் இதுவே மிகக் குறைவு. வட இந்தியாவின் சமவெளி காய்ந்தது. ஏற்கெனவே ஓராண்டு பட்டினி கிடந்த தெற்கும் ஆடி, ஆவணியில் வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. அதே ஆண்டு இந்தியப் பெருங்கடலிலும் ஒரு பெரிய ஊசலாட்டம்: ஆப்பிரிக்கப் பக்கம் கடல் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் கிடந்தது. இதை இந்தியப் பெருங்கடல் இருமுனையின் நேர்மறை நிலை என்பார்கள், வடகிழக்குப் பருவத்துக்கு அது துணை. புரட்டாசியில் தொடங்கி தெற்கில் நல்ல மழை பெய்தது.

மழை பெய்தவுடன் சாவு நின்றுவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பஞ்சத்தில் கால்நடைகள்தான் முதலில் சாகும், வைக்கோல் மனிதனின் தானியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால். உழவு மாடு இல்லாத வீட்டில் மழை பெய்தும் பயனில்லை. விதைநெல்லையும் விதைக் கேழ்வரகையும் தின்று தீர்த்த வீட்டில் மாடு இருந்தும் பயனில்லை. இதோடு மலேரியா சேர்ந்துகொண்டது. நிவாரண வேலைக்காகத் தோண்டிய பள்ளங்களிலும் வறண்டு நிரம்பிய குட்டைகளிலும் தண்ணீர் தேங்கியது. வறண்ட குட்டையில் கொசுப்புழுவைத் தின்னும் மீன் இருக்காது. ஆட்டையும் மாட்டையும் கடித்துப் பழகிய கொசுவுக்கு மனிதன் மட்டுமே மிச்சம். ஓராண்டு அரைவயிறு கிடந்த உடம்பு காய்ச்சலைத் தாங்காது. ஈஸ்வர வருஷமும் அடுத்த வெகுதானிய வருஷமும் சேர்ந்த அந்தக் காலத்தில் பட்டினியைவிடக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காலராவுமே கணக்கில் அதிகம் நிற்கின்றன.

மழைக்கும் சாவுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் வரலாற்றாளர்களின் பகுதி. சங்கிலி இப்படிப் போகிறது: மழை குறைந்தது, விளைச்சல் போனது, தானிய விலை இரண்டு மூன்று மடங்கானது, கூலி வேலை நின்றது. கையில் நிலமும் குதிரில் தானியமும் உள்ளவர் ஓராண்டு தாங்குவார். சேலம், மைசூர்ப் பக்கம் கேழ்வரகை நிலத்தடிக் குழியில் போட்டுப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் பழக்கம் உண்டு, அது பலரைக் காப்பாற்றியிருக்கும். தாங்காதவர்கள் கூலிக்காரர்கள், நெசவாளர்கள், குயவர்கள், ஊர்த் தொழிலாளர்கள். அவர்களின் உணவு வயலிலிருந்து வருவதில்லை, சந்தையிலிருந்து வருகிறது. பஞ்ச காலத்தில் யாரும் துணி வாங்க மாட்டார்கள். நெசவாளிக்கு வருமானம் பூஜ்ஜியம், அரிசி விலை மூன்று மடங்கு. இரயில் பாதை வந்துவிட்டதால் தானியம் எங்கே விலை அதிகமோ அங்கே ஓடியது. வறண்ட மாவட்டத்திலிருந்தே வியாபாரிகள் தானியத்தை வெளியே அனுப்பினார்கள். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் தடையில்லாமல் நடந்தது.

வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை நடத்தினார். அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்குச் சிறப்பு ஆணையராக அனுப்பப்பட்டார், செலவைக் குறைக்கச் சொல்லி. நிவாரண வேலைக்கு அவர் நிர்ணயித்த கூலியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. 450 கிராம் தானியம் என்றால் ஏறக்குறைய 1,600 கிலோகலோரி. மண் வெட்டிச் சுமக்கும் ஆளுக்கு 3,000 அளவுக்கு வேண்டும். மீதியை ஓர் அணா ஈடுகட்ட வேண்டும். பஞ்ச விலையில் உப்பும் விறகும் வாங்கவே அது போதாது, வேலை செய்ய முடியாத குழந்தையும் கிழவியும் வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள வேலைத்தலத்துக்குப் போனால்தான் வேலை என்ற நிபந்தனை வேறு. உண்மையிலேயே தேவைப்படுபவர் மட்டுமே அவ்வளவு தூரம் நடப்பார் என்பது அதன் தர்க்கம். உண்மையிலேயே தேவைப்படுபவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பது எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை எண்களை வைத்தே எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கணக்குப் போட்டால் 2,100 கிலோகலோரியைத் தொடும். அப்போதும் பற்றாக்குறைதான், ஆனால் மெலிந்து சாவதற்கும் மெலிந்து பிழைப்பதற்கும் நடுவே இந்த 500 கிலோகலோரி நிற்கிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. வாய்க்கால் இந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரைத்தான் கால்வாய் இன்றும் சுமக்கிறது.

இறந்தவர்கள் எத்தனை பேர்? பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு அரசுக் கணக்கு சுமார் 55 லட்சம். பின்னாளைய மக்கள்தொகை ஆய்வுகள் 80 லட்சத்தைத் தாண்டுகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே போதுமான சாட்சி. மைசூர் 1871இல் சுமார் 50 லட்சம், 1881இல் சுமார் 42 லட்சம். சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதில் இறந்தவரையும் ஊரைவிட்டுப் போனவரையும் பிரிப்பது கடினம். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாக நடந்து மாத்தளை போனவர்களின் எண்ணிக்கை இந்த ஆண்டுகளில்தான் பெருகியது.

"மழை பொய்த்தால் சாவு தவிர்க்க முடியாதது" என்பதை மறுக்க அந்தக் காலத்திலேயே ஒரு சோதனை நடந்திருந்தது. 1873–74இல் பீகாரிலும் வங்காளத்திலும் மழை பொய்த்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் இதே டெம்பிள். பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசி இறக்குமதி செய்தார், தாராளமாகக் கொடுத்தார், பஞ்சச் சாவு மிகக் குறைவு. அதற்காக அவரை லண்டனிலும் கல்கத்தாவிலும் ஊதாரி என்று தூற்றினார்கள். மூன்று ஆண்டு கழித்துச் சென்னைக்கு வந்தவர் அந்தப் பழியைத் துடைக்க வந்த டெம்பிள். ஒரே அதிகாரி, அதே பருவமழைத் தோல்வி, முற்றிலும் வேறான விளைவு. காலநிலையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று வாதிடுபவரிடம் முதலில் இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

1877இன் எல் நினோ நம்மோடு நிற்கவில்லை. வட சீனாவில் 1876–79இல் 90 லட்சம் முதல் 1 கோடியே 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. அங்கே முடிச்சு வேறு. தியான்ஜின் துறைமுகத்தில் தானியம் வந்து குவிந்தது. ஆனால் மிகவும் பாதிக்கப்பட்ட ஷான்ஷி மாநிலம் மலைக்கு அப்பால் இருக்கிறது. குகுவான் கணவாயில் வண்டியும் ஒட்டகமும் கழுதையும் நெரிசலில் சிக்கி நின்றன, இழுவை விலங்குகள் வழியிலேயே செத்தன, சாக்கு மூட்டைகள் மலையடிவாரத்தில் கிடந்தன. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் 1877–79 வறட்சி. உள்நாட்டிலிருந்து கிளம்பிய கூட்டம் கடற்கரை நகரமான ஃபோர்டலேசாவுக்கு வந்து குடிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டது. அங்கே பெரியம்மை புகுந்தது. 1878 டிசம்பர் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் பேர் இறந்ததாகப் பதிவு. சென்னையில் விலையும் கூலியும், ஷான்ஷியில் பாதை, ஃபோர்டலேசாவில் நெரிசலும் நோயும். மூன்று இடத்திலும் வானம் செய்தது ஒன்றுதான்.

இன்னொரு ஒப்பீடு நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2016இன் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 168 மி.மீ., வழக்கமான 440 மி.மீ.யில் 62 சதவீதம் குறைவு. டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டும் கணக்கு அவ்வளவுதான். இப்படி ஒரு வடகிழக்குப் பருவத்தைக் காண வேண்டுமென்றால் பதிவேட்டில் 1876க்குத்தான் போக வேண்டும். சம்பா கருகியது, டெல்டாவில் விவசாயிகள் உயிரிழந்தார்கள், 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. ஆனால் அரிசி விலை மூன்று மடங்காகவில்லை, ஊர்கள் காலியாகவில்லை. ரேஷன் கடையில் அரிசி அட்டைக்கு இலவச அரிசி தொடர்ந்து கிடைத்தது, பஞ்சாப், ஆந்திரா நெல் வந்தது. ஏறக்குறைய அதே மழைக் குறைவு, 140 ஆண்டு இடைவெளி. 2016இன் துன்பத்தைச் சிறிதாக்கச் சொல்லவில்லை. மழைப்பதிவை மட்டும் பார்த்து ஒருவர் இந்த இரண்டு ஆண்டுகளில் எது பஞ்ச ஆண்டு என்று கண்டுபிடிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற கேள்வி. 1876 நமக்கு அதிர்ஷ்டமான தேதி, ஏனென்றால் அளவுகள் இருக்கின்றன. சென்னை வானாய்வகத்தில் மழையளவு 1813இலிருந்து பதிவாகி வருகிறது. இந்திய வானிலைத் துறை 1875இல்தான் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டுக்குப் பதவியேற்றவுடன் கையில் கிடைத்தது இந்தப் பஞ்சம். ஆசியாவின் பெரும்பகுதியில் காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றதை அவர் கவனித்தார். இமயமலையில் பனி அதிகம் கிடந்தால் பருவமழை குறையும் என்ற எண்ணத்தில் 1880களில் முன்கணிப்பும் வெளியிடத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட்டின் 1899 கணிப்பு படுதோல்வி: நல்ல மழை என்றார், வந்தது இன்னொரு பெரும் வறட்சி. 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித அறிஞர், வானிலையாளர் அல்லர். உலகெங்கும் உள்ள நிலையங்களின் அழுத்தம், வெப்பம், மழை எண்களைக் குமாஸ்தாக்களை வைத்துக் கையாலேயே ஒப்பிட்டு, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும் என்ற ஊசலாட்டத்தைக் கண்டார். எல் நினோவின் காற்றுப் பாதி அதுதான். கடல் பாதி பியெர்க்னெஸ் வரும்வரை சேரவில்லை. நம் பஞ்சங்களைப் புரிந்துகொள்ள நடந்த இந்தத் தேடலில்தான் எல் நினோ அறிவியலின் ஒரு கால் ஊன்றியிருக்கிறது.

அளவுகள் இல்லாத காலத்துக்கு மறைமுகச் சாட்சிகள்தான்: மர வளையம், பவளம், குகைப் படிவு, துருவப் பனிக்கட்டி, ஏரிச் சேறு. 2010இல் வெளியான பருவமழை ஆசிய வறட்சி வரைபடத் தொகுப்பு முந்நூறுக்கும் மேற்பட்ட மர வளையத் தொடர்களிலிருந்து உருவானது. அதில் 1638–41, 1756–68, 1790–96, 1876–78 என்று நான்கு பெரும் வறட்சிகள் துலங்குகின்றன. இதைப் பயன்படுத்தும்போது எச்சரிக்கை தேவை. தொடர்களில் பெரும்பாலானவை இமயமலை, திபெத், வியட்நாம், தாய்லாந்து போன்ற இடங்களிலிருந்து வந்தவை. தமிழகச் சமவெளியின் ஐப்பசி மழையை அந்த மரங்கள் நேராகப் பார்ப்பதில்லை. ஒரு சாட்சி எந்தப் பருவத்தைப் பதிவு செய்கிறது என்று கேட்காமல் எடுத்துப் பொருத்துவதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்த பிழை தேதி. கி.பி. 536இல் சூரியன் பல மாதங்கள் மங்கியதாக மத்தியதரைக்கடல் எழுத்தாளர்கள் எழுதிவைத்தார்கள். மர வளையங்களிலும் அந்த ஆண்டில் கடுங்குளிர். ஆனால் துருவப் பனிக்கட்டியில் எரிமலைக் கந்தகத்தின் அடுக்கு அந்தத் தேதியில் இல்லை, சில ஆண்டுகள் முன்னதாக இருந்தது. அதனால் வால்நட்சத்திரம் மோதியது என்றெல்லாம் எழுதினார்கள். கடைசியில் தவறு பனிக்கட்டியின் ஆண்டுக் கணக்கில். 774–775இல் விண்வெளியிலிருந்து வந்த ஒரு கதிர்வீச்சு வெடிப்பு மரங்களில் கார்பன்-14 ஆகவும் பனியில் பெரிலியம்-10 ஆகவும் தடம் விட்டிருக்கிறது. அந்த ஒரே புள்ளியில் இரண்டையும் பொருத்தியபோது பனிக்கணக்கு சுமார் 7 ஆண்டு தள்ளியிருந்தது தெரிந்தது. 2015இல் அதைத் திருத்தியவுடன் 536, 540 ஆண்டுகளின் இரண்டு எரிமலை வெடிப்புகளும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தன. ஏழு ஆண்டுப் பிழை போதும், காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

தேதியே இல்லாத சாட்சியை வைத்து எதுவும் கட்ட முடியாது. இறையனார் களவியல் உரையில் பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம், அதாவது பஞ்சம், வந்த கதை உண்டு. அதை எடுத்து ஏதோ ஒரு குகைப் படிவின் வளைகோட்டில் பொருத்தி "சங்கம் கலைந்ததற்குக் காலநிலை காரணம்" என்று எழுதுகிறார்கள். எந்த நூற்றாண்டு என்றே தெரியாதபோது எந்த வளைகோட்டிலும் ஏதாவது ஒரு பள்ளம் கிடைக்கும். பன்னிரண்டு என்பதும் நம் கதைகளில் பஞ்சத்துக்கென்றே வழங்கும் எண். பஞ்சம் பற்றிய நினைவு இருந்தது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

பெரிதாகப் பேசப்படும் மற்ற நிகழ்வுகளில் எதை எவ்வளவு நம்பலாம்? எரிமலை வழக்குகள்தான் வலுவானவை, ஏனென்றால் நாள் தெரியும். 1783 ஜூனில் ஐஸ்லாந்தின் லாக்கி பிளவு வெடித்து எட்டு மாதம் புகைந்தது. அந்தத் தீவின் மக்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இறந்தார். அது நேரடி விளைவு, யாரும் மறுப்பதில்லை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்கக் கிழக்கிலும் கோடையே வரவில்லை, சீனாவின் யுனானில் நெல் கருகியது. இதுவும் உறுதி. ஆனால் 1817இல் வங்காளத்தில் கிளம்பிய காலராவும் தம்போராவால்தான் என்று சொல்லும்போது நடுவில் பல கண்ணிகள் நிரூபிக்கப்படாமல் தொங்குகின்றன. 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்த காலத்தை ஐரோப்பாவின் சிறு பனியுகம் எனப்படும் நீண்ட குளிர்க்காலத்துக்கு முழுக் காரணமாகக் காட்டுவது பழைய பழக்கம். குளிர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, எரிமலைகளின் பங்கும் பெரிது.

கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோரின் வழக்கு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சாட்சி கூடக் கூட அது எளிமையாகவில்லை, சிக்கலானது. வியட்நாம் மலைகளின் மர வளையங்களில் 14ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகள் பதிவாகியுள்ளன. இடையிடையே மிகக் கடுமையான மழை ஆண்டுகள். வறட்சியில் தூர்ந்த வாய்க்கால்களை அடுத்த வெள்ளம் மண்ணால் நிரப்பி உடைத்திருக்கிறது. தோண்டிப் பார்த்தால் அந்த மண் தெரிகிறது. காலநிலை அங்கோரை வீழ்த்தியது என்று எழுதிவிடலாம் போலிருந்தது. பின்னர் அங்கோர் தோம் அகழியின் சேற்றை எடுத்து ஆராய்ந்தபோது, நகர மையத்தில் மக்கள் நடமாட்டமும் நிலப் பயன்பாடும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறையத் தொடங்கியது தெரிந்தது. அதாவது பெரிய வறட்சிக்கு முன்பே மேட்டுக்குடிகள் மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைந்த நகரத்தில் வாய்க்காலைத் தூர்வார ஆள் இருக்காது. வறட்சி அங்கே பழுதான ஒன்றைத் தள்ளிவிட்டிருக்கலாம், பழுதாக்கியது அது அல்ல.

ஆகவே இப்படி ஒரு கூற்றைப் படிக்கும்போது நான் பார்க்கும் வரிசை: முதலில் தேதியின் பிழை எல்லை எவ்வளவு, நிகழ்வுக்கு முன்னால் வறட்சி வந்ததா. பிறகு அந்தச் சாட்சி அந்த ஊரின் மழைக்காலத்தைப் பேசுகிறதா. அதன் பின் மழையிலிருந்து ஆட்சி மாற்றம் வரை நடுவிலுள்ள விளைச்சல், விலை, வரி, பாதை, நோய் ஆகியவற்றில் ஒன்றிரண்டுக்காவது தனிச் சாட்சி உண்டா. கடைசியாக, அதே வறட்சியில் விழாமல் நின்ற பக்கத்து நாடு எது. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலான கட்டுரைகள் பதில் வைத்திருப்பதில்லை.

இன்றைக்கு எல் நினோ செய்தி வந்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்கக்கூடும். பசிபிக்கின் நடுப்பகுதி வெப்பம் வழக்கத்தைவிட 0.5 டிகிரி கூடி மாதக்கணக்கில் நின்றால் எல் நினோ என்கிறார்கள். மேட்டூரை நம்பியிருக்கும் குறுவைக்காரருக்கு அது கவலை, ஏனென்றால் காவிரியில் ஜூன், ஜூலையில் வருவது குடகுப் பக்கத்துத் தென்மேற்கு மழை. ஐப்பசி மழையை நம்பும் செங்கல்பட்டு ஏரிப்பாசனத்துக்கும் ராமநாதபுரத்து மானாவாரிக்கும் அதே செய்தி கெட்ட செய்தி இல்லை, வெள்ளத்துக்கு மதகும் கரையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவைக்க வேண்டிய செய்தி. லா நினாவும் இந்தியப் பெருங்கடலின் இருமுனை எதிர்மறையும் சேர்ந்து வரும் ஆண்டுதான், 2016இல் வந்ததுபோல, அவர்கள் பயப்பட வேண்டிய ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் நீண்ட கால நெல்லை நம்பாமல் குறுகிய கால ரகமோ கம்பு, உளுந்தோ போடுவது நல்லது. அதை முடிவு செய்ய ஆகஸ்ட், செப்டம்பர் நிலவரம் போதுமான அளவு தெளிவாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் வரும் முன்னறிவிப்பில் பிழை அதிகம். பசிபிக் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் பருவம் அது என்பதால் அப்போது கணினி மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது வழக்கம்.